நூலில் எடுத்த கால் அளவு

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் கடைசி. பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளின் பிடரியைப் பார்த்தே கழுத்தளவு பதினைந்தா, பதினைந்தரையா என்று சொல்லிவிடுவேன். தப்பாது. இந்தக் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார்.

அதைவிடப் பெரிய திமிர் என் மகளைப் பற்றி. அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஒரே பிள்ளை. எழுப்பினால் எழுந்துகொள்வாள், தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், அது வேண்டும் இது வேண்டும் என்று கடைத்தெருவில் காலைக் கட்டிக்கொண்டு அழ மாட்டாள். பக்கத்து மெஷின்காரி தன் பையன் அடிக்கிற கூத்தைச் சொல்லிப் புலம்பும்போதெல்லாம் நான், "எம்பொண்ணு ஒரு தொந்தரவு குடுக்காது, தங்கம்" என்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பார்க்கட்டுமே என்று நான் அடுத்த காலரை எடுத்துத் தைப்பேன். அந்தத் தங்கம், வலித்தாலும் வாயைத் திறக்காத தங்கம் என்று எனக்குத் தெரியவந்த வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் சங்கு ஊதுவார்கள். கடைசிச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை நாள் போச்சு. அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கடிகாரமே தேவையில்லை. முதல் சங்குக்குச் சோறு வடித்திருக்க வேண்டும். அடுத்ததற்குப் பிள்ளைக்குத் தலை பின்னி முடித்திருக்க வேண்டும். கடைசிச் சங்குக்கு நான் கேட்டுக்கு உள்ளேயும் அவள் எதிர்வீட்டிலும் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் கணவருக்கும் எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை. அக்கா வீட்டோடு இருந்தார். தன் இரண்டு பிள்ளைகளோடு என் மகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் கூட்டிவந்து, நான் வரும்வரை வைத்துக்கொள்வார். நான் கேட்டுக்கொண்டதற்காக அல்ல, அவராகவே ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதுவே வழக்கமாகிவிட்டது.

என் அம்மாவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. நெமிலிச்சேரிப் பக்கம் ஊரார் நிலத்தில் களையெடுக்கப் போகும்போது என்னையும் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் உட்கார வைத்துவிடுவாள். வெயிலில் காய்ந்தேன், எறும்பு கடித்தது, மண்ணைத் தின்றேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் உண்டு, கத்தினால் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். என் மகள் கத்தினால் கேட்டைத் தாண்டி எனக்கு எங்கே கேட்கும்?

வேலைக்குப் போகிற அம்மாவிடம் கேள்விகள் ரேஷன் கடை போல வரிசையில் நிற்கும். தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா? காய்ச்சல் என்றால் லீவு போடுவதா, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து அக்காவிடம் விடுவதா? டப்பாவில் விற்கிற சத்துமாவை வாங்குவதா, கேழ்வரகை முளைகட்டி அரைப்பதா? அரைக்க நேரம் ஏது என்று டப்பாவை வாங்குவேன். வாங்கிய கையோடு மனசு உறுத்தும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க எனக்கிருந்தது ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. அதனால் மகள் எதைச் சொல்ல வந்தாலும், "ஞாயித்துக்கெயம பாத்துக்கலாண்டி" என்பேன். பென்சில் டப்பா உடைந்துவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமை. பல் ஆடுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் உன்னை வரச் சொன்னாங்க என்றபோதும் என் வாய் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லிவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் ஏது என்று பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

அந்த வருடம் அந்த ஞாயிறும் போனது. அவசர ஆர்டர் ஒன்று வந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் வைத்தார்கள். விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நூம்பல் பக்கம் ஒரு மனை வாங்கிச் சின்னதாக வீடு கட்ட வேண்டும் என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஆசை. நானேதான் பெயர் கொடுத்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடம் திறந்தது. யூனிஃபார்ம் விஷயத்தில் நான் யார் தயவையும் எதிர்பார்க்க மாட்டேன், துணி எடுத்து நானே தைத்துவிடுவேன். பாவாடையின் கீழ்மடிப்பில் மூன்று வருட வளர்த்தியை உள்ளே மடித்து வைத்திருப்பேன். வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் போதும். ஷூவை மட்டும் தைக்க முடியாது. போன வருடம் வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரியதாக வாங்கினேன். பள்ளி விளையாட்டு விழாவில் அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஷூ கழன்று பறந்துபோய் விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதனால் இந்த முறை கச்சிதமாக வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் அவளைக் கடைக்குக் கூட்டிப்போக நாள் இல்லை. வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. அவரிடம் விடலாமா என்று யோசித்தேன். அரைக் கிலோ கத்தரிக்காயில் கால் கிலோ சொத்தையாக வாங்கி வருகிற மனிதர். வேண்டாம் என்று நானே அளவெடுத்தேன். ஒரு நாள் காலை, தலை பின்னுவதற்கு அவளை முக்காலியில் உட்கார வைத்திருந்தபோது, காலைத் தூக்கி என் மடியில் வைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் வெள்ளை நூலைப் பிடித்து, பல்லால் கடித்து, பர்ஸில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

சம்பள நாளில் எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு சந்தையே முளைக்கும். பிளாஸ்டிக் குடம், நைட்டி, எவர்சில்வர் டப்பா, வளையல். ஜூன் மாதம் என்பதால் ஒருவர் தார்ப்பாயை விரித்துப் பள்ளிக்கூட ஷூக்களைக் குவித்திருந்தார். வேலை விட்டு வருகிற நாங்கள் எல்லாருமே பிள்ளை இல்லாமல்தான் பிள்ளைக்கு வாங்குவோம். ஒருத்தி மகனின் பழைய செருப்பைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி நோட்டுத்தாளில் பாதத்தை வரைந்து எடுத்துவந்திருந்தாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. நான் என் நூலை எடுத்து ஷூவுக்குள் விட்டுப் பார்த்து, தையலுக்கு விடுவது போல் நுனியில் துளி இடம் இருக்கிறதா என்றும் பார்த்து, ஒரு ஜோடியைப் பொறுக்கினேன்.

"கொயந்தைய இட்டாந்து போட்டுப் பாருமா. அப்பால வந்து மாத்திக் குடுன்னு சொல்லாத" என்றார் ஷூக்காரர்.

"நானே டைலருதான். எனக்கே அளவு சொல்லித்தர்றியா?" என்றேன்.

துணிக்கு எடுக்கிற அளவு வேறு, காலுக்கு எடுக்கிற அளவு வேறு. மடியில் கிடக்கிற பாதம் தரையில் ஊன்றி நின்றால் நீளும், அகலும். நான் அகலத்தை எடுக்கவே இல்லை. செருப்புத் தைக்கிறவர் யாரைக் கேட்டிருந்தாலும் பிள்ளையை நிற்க வைத்து எடு என்று சொல்லியிருப்பார். கேட்டால்தானே?

வீட்டில் போட்டுப் பார்த்தோம். "எப்பிடிடி கீது?" என்றேன்.

"நல்லா கீதும்மா."

"கடிக்குதா?"

"இல்லமா."

முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன். புதுத் தோல், கெட்டியாக இருந்தது, உள்ளே விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் நாலு அடி நடந்து காட்டினாள். நான் அடுப்பில் இருந்த குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவளே தன் சாக்ஸைத் துவைக்க ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை. குளிக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போவாள், அவளே காயப் போடுவாள், அவளே எடுத்து மாட்டிக்கொள்வாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மெஷின்காரியிடம் இதையும் சொல்லித் தீர்த்தேன். "எட்டு வயசுல தன் சாக்ஸத் தானே தோச்சிக்குது, தெரியுமா?" என்றேன். அவள் அன்றைக்கும் அதே பார்வை பார்த்தாள்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மாலை மகளைக் கூப்பிட எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா என்னைத் தனியாக ஓரமாக இழுத்தார்.

"ஏட்டி, பிள்ள ஒருமாதிரி நடக்கா. நீ பாக்கலியா?"

"எப்பிடிக்கா?"

"காலையில ஷூவுக்குப் பின்பக்கத்த மிதிச்சிக்கிட்டு, செருப்பு மாதிரி இழுத்துக்கிட்டு வாரா. பள்ளிக்கூடத்து வாசல் வந்ததும் காலை உள்ள திணிக்கா. என்னட்டின்னு கேட்டா, ஒண்ணுமில்ல அத்தைன்னு சொல்லுதா."

எனக்குச் சுருக்கென்றது. பார்க்க வேண்டியவள் நான், பார்த்தது அவர். அந்த ஆத்திரத்தை அவர் மேலேயே காட்டினேன். "புது ஷூ கொஞ்சம் கடிக்கத்தாங்கா செய்யும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"காலக் காட்டுடி" என்றேன். அவள் பாய் மேல் உட்கார்ந்து பாவாடைக்குள் காலை மடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லம்மா." நான் இழுத்துப் பார்த்தேன். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. சாக்ஸ் எங்கே என்று தேடினேன். பின்பக்க ஜன்னல் கம்பியில், துணிக்கு மறைவில், சுருட்டிக் காயப் போட்டிருந்தாள். பிரித்துப் பார்த்தால் நுனியைக் காணவில்லை. இரண்டிலும் விரல் பக்கத்தை வெட்டி எடுத்திருந்தாள், விரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று. என் கத்தரிக்கோலால்தான் வெட்டியிருக்கிறாள். நேராக, பிசிறு இல்லாமல் வெட்டியிருந்தாள்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் விட்டேன். "ஏண்டி சொல்லல? வாயில இன்னா கொயக்கட்டையா வச்சினு இருந்த?"

அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெயம சொல்லலாம்னு இருந்தேம்மா. நீ வேலைக்குப் போய்ட்ட. அடுத்த ஞாயித்துக்கெயமயும் போய்ட்ட."

குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இட்டுகினு போயிருக்க மாட்டேன்?" என்றார்.

"யாருகிட்ட? அவ எந்த செக்‌ஷன்ல படிக்கிறா, சொல்லு பாப்போம்" என்றேன். அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு எழுந்து வெந்நீர் வைக்கப் போனார். அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்தான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா கையில் களிம்போடு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க சொல்லலன்னா எனக்கு யாருக்கா சொல்லுவாங்க?" என்று அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

காயம் ஆறிவிடும், அது எனக்குத் தெரியும். என்னைப் போட்டு அறுத்தது வேறு. எட்டு வருடமாகத் தங்கம் தங்கம் என்று நான் கொண்டாடியது எதை? அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததையா? மூன்று வாரம் கால் புண்ணை மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறாள்? நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஒன்று வலித்தால் என்னிடம் சொல்வாளா? அறை வாங்கிய பிறகு சொல்வாளா? அதுதான் பயம். வேறு எந்தப் பயமும் எனக்கு அப்போது இல்லை.

ஆறும்வரை ரப்பர் செருப்போடு வரட்டும் என்று டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். காயம் காய்ந்ததும் ஒரு புதன்கிழமை லீவு கேட்டேன். காய்ச்சலும் இல்லை, கல்யாணமும் இல்லை. சூப்பர்வைசர் என்ன காரணம் என்றார். "ஷூ வாங்கணும் சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அவளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, முதல் ஜோடியை மாட்டி, நடக்கச் சொன்னார். "கடிக்குதா பாப்பா?" என்றார்.

அவள் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தோல், தையல் உறுதி, ஒரு வருடம் தாங்கும் என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு அவள் கடைக்காரரிடம், "இல்ல, நல்லா கீது" என்றாள்.

நான் ஆளைப் பார்த்து அளவு சொல்கிறவள். எனக்குப் பிறந்தது என் முகத்தைப் பார்த்துத் தன் கால் அளவைச் சொல்கிறது.

எழுந்துபோய்க் கடையின் வாசல்படியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன், முதுகு அவர்கள் பக்கம்.

"இன்னாமா, அந்தாண்ட திரும்பிகினு குந்திக்கின?" என்றார் கடைக்காரர்.

"அவளக் கேளுங்கண்ணே. காலு அவுளுது."

"துட்டு யாரு குடுப்பா?"

"நான்தான் குடுப்பேன். ஆனா எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

பூந்தமல்லி பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை அடைத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலக் கழுத்து துடித்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கடிக்குதா?" என்று கடைக்காரர் மறுபடி கேட்டார்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னக் குரல் வந்தது. "கொஞ்சம்."

"எங்க?"

"இங்க. சுண்டுவெரல்ல."

இன்னொரு அட்டைப்பெட்டி திறக்கும் சத்தம். "இது?" "லூசு." அடுத்த பெட்டி. "பின்னால குத்துது." அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் குரல் கொஞ்சம் ஏறியது. ஐந்தாவதைப் போட்டும் பார்க்கவில்லை. "இது வேணா. இது மூஞ்சே எனக்குப் புடிக்கல" என்றாள்.

"இன்னாமா, உம்பொண்ணு மாப்புள்ள பாக்குற மாரி பாக்குது?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"இன்னும் எடுத்துப் போடுங்கண்ணே" என்றேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நல்லவேளை, முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது.

ஏழாவது ஜோடிக்கு நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு குதிக்கும் சத்தம். பிறகு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும் சத்தம். "இது வலிக்கல" என்றாள்.

புது ஷூவைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். குவார்ட்டர்ஸுக்கு நடந்தோம். பாதி வழியில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, என்னையப் பின்னால குந்த வச்சிட்டாங்க. போர்டு தெரியல."

"நாளைக்கே டீச்சருக்கு எயுதித் தரேன்."

"அத்த ஊட்டு உப்புமா எனக்குப் புடிக்கல."

"முறுக்கு வாங்கி வெச்சிட்டுப் போறேன். அத்தைகிட்ட அத சொல்லாத."

"பாவாட இடுப்புல அரிக்குது."

"பிரிச்சித் தெச்சித் தரேன்."

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். இப்படியே வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வரட்டும் என்று நடையைக்கூடக் குறைத்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெயம நீ வேலைக்குப் போவாத."

பாக்கலாம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். அவள் முன்னால் குந்திக்கொண்டு, "இன்னும் ஆறு வாரம் போவணும்டி. பேரு குடுத்துட்டேன். நம்ம ஊடு கட்டத்தான் போறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு கோணியது. பிறகு வாயைத் திறந்து, ரோடே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். "போவாத, நீ போவாத" என்று காலை உதைத்துக்கொண்டு அழுதாள். கைக்குழந்தையாக இருந்த பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சைக்கிளில் போனவர் நிறுத்திப் பார்த்தார். கூடைக்காரி ஒருத்தி, "இன்னாமா, நடுரோட்டுல போட்டுப் புள்ளைய அடிச்சியா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அழாதே என்று நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வேலைக்குப் போனேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். நான் கேட்டுக்கொண்டேதான் போனேன்.